உயரமானவர்களுக்கு லேடீஸ் சைக்கிள்: எந்த உயரம் வரை பொருந்தும், எதை மாற்ற வேண்டும்

முன்பக்கம் பார் இல்லாத சைக்கிளைக் கடையில் 'லேடீஸ் சைக்கிள்' என்றுதான் கேட்கிறோம். ஆனால் அது தேவைப்படுகிறவர்கள் பெண்கள் மட்டுமல்ல. வேட்டி கட்டும் பெரியவர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ ஆபரேஷன் முடிந்து காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள், கேரியரில் வாழைக்குலையோ புல்லுக்கட்டோ இருப்பதால் காலைப் பின்னால் வீசி ஏற வழியில்லாதவர்கள் என்று பலருக்கும் இந்த ஃபிரேம்தான் வசதி. இவர்களில் ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. சைக்கிளை வாங்கின மறுவாரமே முட்டி வலிக்கிறது, வளைவில் கால் ஹேண்டிலில் இடிக்கிறது. 'லேடீஸ் சைக்கிள் நமக்கு ஒத்து வராது' என்று அதோடு ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு.

இங்கே பார்க்கப்போவது கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 26 இஞ்ச் சக்கர லேடீஸ் சைக்கிளை. லேடிபேர்ட் என்ற பெயரால் எல்லோருக்கும் பழகிப்போன அந்த வகை. பிளஸ் ஒன் மாணவியருக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளும் ஏறக்குறைய இதே அமைப்புதான். எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்குள் போகவில்லை. இந்த வகையின் அளவு உயரமான உடம்புக்குப் பொருந்துமா என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 173 செ.மீ., அதாவது 5 அடி 8 அங்குலம் வரை உள்ளவர்கள் சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றினாலே போதும். அங்கிருந்து 183 செ.மீ., அதாவது ஆறடி வரை உள்ளவர்கள் நீளமான சீட் பில்லரும் (சீட்டைத் தாங்கும் தண்டு), வேண்டுமானால் முன்னால் நீட்டிய ஹேண்டில் ஸ்டெம்மும் (ஹேண்டிலைத் தாங்கும் கழுத்து) போட்டு நன்றாக ஓட்டலாம். ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் 26 இஞ்ச் லேடீஸ் சைக்கிளை வாங்க வேண்டாம். பாகங்களை மாற்றி ஓட்ட முடியும், ஆனால் செலவுக்கும் சிரமத்துக்கும் ஏற்ற பலன் இல்லை.

முதலில் எண்களில் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடையில் '26 சைஸ்' என்று சொல்வது சக்கரத்தின் அளவு. அது ஃபிரேமின் அளவு அல்ல. ஃபிரேம் அளவு என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து, பில்லர் இறங்கும் சீட் குழாயின் மேல் விளிம்பு வரையுள்ள நீளம். இந்த வகையில் அது பெரும்பாலும் 18 இஞ்ச், அதாவது சுமார் 46 செ.மீ. ஜென்ட்ஸ் ரோட்ஸ்டர் சைக்கிளில் 20, 22, 24 இஞ்ச் என்று ஃபிரேம் அளவுகள் உண்டு. லேடீஸ் சைக்கிளில் பெரும்பாலும் ஒரே அளவுதான். நெதர்லாந்தில் இதே பார் இல்லாத சைக்கிள் 49, 53, 57 செ.மீ. என்றும், சில மாடல்களில் 61 செ.மீ. வரையிலும் ஃபிரேம் வைத்து வருகிறது. ஆகவே பார் இல்லாத அமைப்பு உயரமானவர்களுக்கு எதிரி அல்ல. நம் ஊரில் ஒரே அளவில் செய்து விற்பதுதான் பிரச்சினை.

வாங்கப் போகும் முன் வீட்டிலேயே கால் அளவை எடுத்துவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுத்தம் படுமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் கால் உள்நீளம் கிடைக்கும். பேன்ட் தைக்கக் கொடுக்கும் அளவு இதைவிடச் சில செ.மீ. குறைவாக இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அந்த நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும். இது ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டுகிறவர்களுக்கான கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அதில் 3 செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். 178 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் கால் உள்நீளம் 84 செ.மீ. என்று வையுங்கள். பெருக்கினால் 74 வரும், 3 கழித்தால் 71. ஃபிரேம் 46 போக மீதி 25. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட், அதைப் பில்லரில் பிடிக்கும் கிளாம்புக்கு மேலே 7 அல்லது 8 செ.மீ. எடுத்துக்கொள்ளும். ஆக, பில்லர் சீட் குழாய்க்கு வெளியே 17 முதல் 18 செ.மீ. நிற்க வேண்டும். உள்ளே குறைந்தது 8 செ.மீ. இருக்க வேண்டும். மொத்தம் 26. சைக்கிளோடு வரும் பில்லர் 25 செ.மீ. நீளம் என்றால் ஒரே ஒரு செ.மீ. பற்றாமல் போகிறது. அந்த ஒரு செ.மீ.யைச் சமாளிக்கத்தான் பலரும் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதே கணக்கை ஆறடி ஆளுக்கும் போட்டுப் பாருங்கள். கால் உள்நீளம் 87 என்றால் தேவைப்படும் பில்லர் நீளம் ஏறக்குறைய 29 செ.மீ. 91 செ.மீ. கால் உள்ளவருக்கு 32 செ.மீ. ஆகவே 35 செ.மீ. நீளமுள்ள ஒரு பில்லர் வாங்கினால் சீட் உயரம் யாருக்கும் பிரச்சினையே இல்லை. சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

பில்லர் வாங்கும்போது நீளத்தைவிட விட்டத்தில்தான் தவறு நடக்கிறது. பழைய பில்லரை முழுதாக உருவினால் கீழ்ப்பகுதியில் அளவு குத்தியிருக்கும், 25.4 என்பது போல. அந்த எண்ணோடுதான் கடைக்குப் போக வேண்டும். எண் தேய்ந்திருந்தால் பில்லரையே கையில் எடுத்துக்கொண்டு போய் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 0.4 மி.மீ. குறைந்தாலும் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் சீட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகச் சில இடங்களில் டின் தகட்டை வெட்டி உள்ளே சொருகித் தருவார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தகடு ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதால் சீட் குழாயின் வாய் கோணி நீள்வட்டமாகிவிடும், பிறகு சரியான பில்லர் போட்டாலும் நிற்காது.

பில்லர் உள்ளே எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு அதிலேயே ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. பார் இல்லாத ஃபிரேமில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்சக்கர அச்சிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஏறி வந்து சீட் குழாயின் மேல்முனைக்குக் கீழே ஒட்டியிருக்கும். பில்லரின் அடிமுனை அந்த ஒட்டுக்கும் கீழே 2 செ.மீ.யாவது இறங்கியிருக்க வேண்டும். ஜென்ட்ஸ் சைக்கிளில் முன்பக்கம் பார் இருப்பதால் அந்த மேல்முனையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். இதில் முன்பக்கம் பிடிமானமே கிடையாது. உயரமான, கனமான ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறக்கும் ஒவ்வொரு தடவையும் நீண்ட பில்லர் நெம்புகோல் போல அந்த இடத்தைப் பின்னுக்கு வளைக்கிறது. விரிசல் விட்டால் அங்கேதான் விடும். பெயின்ட்டில் மெல்லிய கோடு போலத் துரு எட்டிப் பார்த்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

சீட்டைச் சரியான உயரத்தில் வைத்தால் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்றாது. கடையில் பெரும்பாலும் 'கால் தரையில் படணும்' என்றுதான் சீட்டை வைத்துத் தருவார்கள். பழகுகிற குழந்தைக்கு அது சரி, ஓட்டத் தெரிந்த உயரமான ஆளுக்கு அது முட்டி வலிக்கு வழி. பார் இல்லாத சைக்கிளின் பெரிய நன்மையே இதுதான்: நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஃபிரேமுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நிம்மதியாக நிற்கலாம், இடிப்பதற்கு எதுவும் இல்லை. ஜென்ட்ஸ் சைக்கிளைவிட இதில்தான் சீட்டைத் தைரியமாக ஏற்றலாம். சரிபார்க்க ஒரே வழி: ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, செருப்போடு ஏறி உட்கார்ந்து, பெடலைக் கடைசிக்கு இறக்கி, குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டு குதிகால் பெடலைத் தொட்டால் உயரம் சரி. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அதிகம். முட்டி மடங்கியிருந்தால் இன்னும் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் சீட் உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு செ.மீ. அமுங்கும். அதனால் வெறும் சீட்டை டேப்பால் அளந்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

உயரம் இப்படித் தீர்ந்துவிடும். தீராதது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள தூரம். உயரமானவர்களுக்கு லேடீஸ் சைக்கிள் 'குட்டையாக' இருக்கிறது என்று சொல்ல வைப்பது உண்மையில் இந்த நீளக் குறைவுதான். கையை மடக்கி, தோளைச் சுருக்கி, முட்டியை வெளிப்பக்கம் விரித்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில் பின்பக்கம் வளைந்து வரும் அமைப்பு என்பதால் பிடி முட்டிக்கு மேலேயே வந்து நிற்கும். நேர் ரோட்டில் தெரியாது, சானல்கரையிலிருந்து சின்ன ஊடுவழிக்குள் திரும்பும்போது பிடியின் நுனி முட்டியில் குத்தும். கடையிலேயே சோதியுங்கள்: சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றி, ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, அதே பக்கம் ஹேண்டிலைத் திருப்புங்கள். முட்டிக்கும் பிடிக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருந்தால் ஓட்டலாம். தொட்டால் அந்தச் சைக்கிள் அப்படியே உங்களுக்கு ஆகாது.

இதில் ஒரு கணக்கு புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சீட் குழாய் நேராக நிற்பதில்லை. அது 70 டிகிரி சாய்வில் இருந்தால், பில்லரை 12 செ.மீ. ஏற்றும்போது சீட் 4.1 செ.மீ. பின்னுக்கும் போகிறது. அதாவது சீட்டை ஏற்றினாலே இடமும் கூடுகிறது. ஹேண்டில் குழாயும் அதே சாய்வில்தான் இருக்கிறது. ஸ்டெம்மை 5 செ.மீ. உயர்த்தினால் ஹேண்டில் 1.7 செ.மீ. உங்களை நோக்கி வரும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் கிடைக்கும் லாபம் 2.4 செ.மீ. மட்டுமே. 'ஹேண்டிலை நல்லா ஏத்திடுங்க' என்று சொல்லி ஏற்றியபின் இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது இதனால்தான். ஹேண்டிலை முட்டிக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றினால் போதும்.

இடம் கூட்ட இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, காசு செலவில்லாதது. சாதாரணப் பில்லரில் சீட்டைப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட் பில்லரின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். அது முன்பக்கம் இருக்கும்படி மாட்டியிருந்தால், கிளாம்பைக் கழற்றித் திருப்பிப் பின்பக்கமாகப் போடுங்கள். 3 செ.மீ. வரை கிடைக்கும். சீட்டின் அடிக்கம்பியிலும் முன்பின் நகர்த்த இடம் உண்டு. திருப்பியபின் சீட்டின் மூக்கு தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது, மட்டமாக இருக்க வேண்டும். இருபக்க நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தையே இறுக்கினால் கிளாம்பின் பல் தேய்ந்து, பள்ளத்தில் விழும்போது சீட் பின்னால் சாய்ந்துவிடும்.

இரண்டாவது, முன்னால் 6 முதல் 8 செ.மீ. நீண்ட ஸ்டெம். இந்த வகைச் சைக்கிள்களில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் இறங்கும் ஸ்டெம்மின் விட்டம் பெரும்பாலும் 22.2 மி.மீ. ஹேண்டில் பாரைப் பிடிக்கும் இடம் 25.4 மி.மீ. இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்டெம்மைக் கழற்ற மேலே உள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரத்துண்டு வைத்து ஒரு தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு ஹேண்டிலை முறுக்கி இழுத்தால் ஆப்பு உள்ளேயே தங்கிவிடும். புது ஸ்டெம்மிலும் கோடு உண்டு, அது வெளியே தெரியக் கூடாது. முறுக்கிய பின் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் முறுக்க வேண்டும்.

ஹேண்டில் உயர்ந்தால் பிரேக் கேபிளும் நீள வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது கேபிள் விறைத்து, பிரேக் தானாகப் பிடித்தால் நீளம் பற்றவில்லை என்று பொருள். புது கேபிளும் வெளிக்குழாயும் போட்டுத்தான் ஆக வேண்டும். ராட் பிரேக் உள்ள பழைய மாடலில் கம்பியின் நீளம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஏற்ற முடியும். முன்கூடையின் தாங்கு கம்பியும் அப்படியே. அச்சிலிருந்து வரும் தாங்கு இருந்தால் கூடை பழைய உயரத்திலேயே இருக்கட்டும்.

பாதம் பெரியவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 10, 11 நம்பர் செருப்பு போடுகிறவர்கள் பெடலை முன்னால் கொண்டுவந்து ஹேண்டிலைத் திருப்பினால் விரல் நுனி முன் மட்கார்டில் உரசுகிறதா என்று சோதிக்கவும். உரசினால் அதற்கு மாற்று வழியே இல்லை, வேறு சைக்கிள் பாருங்கள். பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கை நீளமாக்க வேண்டாம். பெடல் அச்சு தாழ்வாக இருக்கும் ஃபிரேமில் நீண்ட கிராங்க் வளைவில் தரையில் இடிக்கும், பாதமும் மட்கார்டுக்கு இன்னும் நெருங்கும்.

ஃபிரேமின் விறைப்பு அடுத்த கேள்வி. மேலே பார் இல்லாததால் முழுச் சுமையையும் கீழ்க்குழாய்கள் தாங்குகின்றன. சாய்ந்து இறங்கும் இரண்டு தனிக்குழாய்கள் உள்ள ஃபிரேம், ஒரே வளைந்த குழாய் உள்ளதைவிடப் பொதுவாக விறைப்பாக இருக்கும். ஒற்றைக் குழாய்தான் என்றால் அது கைப்பிடிக்குள் அடங்காத தடிமனாக இருக்க வேண்டும். இரண்டாவது குழாய் சீட் குழாயில் எவ்வளவு மேலே போய்ச் சேருகிறதோ அவ்வளவு பலம். ஆனால் அவ்வளவுக்குக் காலையும் தூக்க வேண்டிவரும். இடுப்பு வலி உள்ளவர்கள் இதை ஏறி இறங்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு கையால் சீட்டையும் மறு கையால் ஹேண்டிலையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று சைக்கிள்களில் அடுத்தடுத்துச் செய்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

நம் மாவட்டத்தில் இது எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. சுசீந்திரம், தேரூர், பூதப்பாண்டி என்று வயல்வெளிச் சமதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு மேலே சொன்ன மாற்றங்களோடு இந்தச் சைக்கிள் அருமையாகப் போகும். அருமனை, குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ஏற்றங்களில் கதை வேறு. ஏற்றிய சீட் பின்னுக்குப் போயிருப்பதால் எடை பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. கேரியரில் குலையும் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகித் தடுமாறும். எழுந்து நின்று மிதித்தால் ஃபிரேம் நெளியும். அங்கே ஓட்டுகிறவர்கள் பின்சக்கரத்தின் பல்சக்கரமான 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 அல்லது 22 பல் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடியே ஏற முடியும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டிவரலாம். கனத்த சாமானைக் கேரியரில் பின்தள்ளிக் கட்டாமல் சீட்டை ஒட்டி முன்தள்ளிக் கட்டுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றில் நிமிர்ந்து உட்காரும் உயரமான ஆள் நாகர்கோவிலை நோக்கி மிதிப்பது கஷ்டம். ஹேண்டிலை மிக உயரமாக வைக்காததற்கு இது இன்னொரு காரணம். அந்த ரோட்டில் தினமும் போகிறவர்கள் ஹேண்டில் பிடியைச் சீட் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். நீண்ட ஸ்டெம் இருந்தால் கொஞ்சம் முன்சாய்ந்து மிதிக்க முடியும்.

ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் என்ன செய்வது? 26 இஞ்சைவிடப் பெரிய 700சி சக்கரமுள்ள ஹைப்ரிட் வகையில் தாழ்ந்த பார் உள்ள மாடல்களைத் தேடுங்கள். அவற்றில் பலவும் எம், எல் என்று அளவு வைத்து வருகின்றன. சீட்டைச் சரியாக ஏற்றியபின் சீட் பில்லரின் நடுவிலிருந்து ஹேண்டில் குழாயின் நடு வரை மட்டமாக அளந்தால் 60 செ.மீ.க்கு அருகில் இருக்க வேண்டும். 26 இஞ்ச் லேடீஸ் சைக்கிளில் இதே அளவு 57-ஐத் தாண்டவில்லை என்றால் ஐந்தடி பத்துக்கு மேல் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாரை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை, கொஞ்சம் தாழ்ந்தால் போதும் என்பவர்கள் மேல்குழாய் பின்பக்கம் நன்றாகச் சரிந்து வரும் எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) ஃபிரேமையும் பார்க்கலாம். சைக்கிளை உங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டால் அதில் காலை முன்பக்கமாகவே தாண்டிப் போடலாம்.

கடைசியாக, கடலோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற இடங்களில் உப்புக்காற்றில் பில்லர் சீட் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு வீட்டில் வேறொருவருக்காகச் சீட்டை இறக்க முடியாது, குழாயையே அறுக்க வேண்டிவரும். நீளப் பில்லர் போடும் அன்றைக்கே உள்ளே போகும் பகுதி முழுவதும் கிரீஸ் தடவுங்கள். ஸ்டெம்முக்கும் அப்படியே. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் தொடங்கும் முன் ஒரு தடவை, அக்டோபர் தொடங்கும் முன் ஒரு தடவை பில்லரை முழுதாக உருவி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, துணியால் துடைத்து, மீண்டும் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். உருவும் முன் சரியான உயரத்தில் பில்லரைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால், மாட்டும்போது மறுபடி அளக்க வேண்டியதில்லை.